ஐம்பதில் ஆறு கோடுகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. வரும்போது போட்டுக்கொள்கிறேன்.

நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்தது நான்தான். நீங்கள் திரும்ப அழைத்தபோது எடுக்காததும் நான்தான். நாம் போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் மூக்கை உறிஞ்சுகிறீர்கள், நடுவில் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு "சாப்டியா?" என்கிறார். இந்த லட்சணத்தில் ஒரு வேலையும் நடக்காது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள். எழுத்தில் மழுப்பினால் மழுப்பியது அப்படியே தாளில் நிற்கும்.

நேற்று நீங்கள் முழுதாகக் கேட்காததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் தோல் மருத்துவர் நம் ஆய்வகத்தின் அடித்தள அறைக்கே இறங்கி வந்தார். நம் லேசர் மைக்ராஸ்கோப்பை மூன்று வருடமாக வைத்திருக்கிறாரே, அவர்தான். நாற்காலியில் கூட உட்காரவில்லை. "உங்க மெஷின்ல ஒருத்தரோட மச்சத்தைப் பாத்தேன். அதுல ஒரு முடி. கண்ணால பாத்தா நேரா இருக்கு. படத்துல படிக்கட்டு மாதிரி உடைஞ்சு உடைஞ்சு இருக்கு. இது முடியோட கோளாறா, மெஷினோட கோளாறா?" என்றார். இப்படி ஒரு கேள்வியை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை.

அவருக்கு அடியிலிருந்து விளக்கினேன். லேசர் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை ஒரு சிறிய கண்ணாடி இடமும் வலமும் ஆட்டித் தோலின் மேல் கோடு கோடாக ஓட்டுகிறது. திரும்பி வரும் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் அந்தந்த இடத்தில் வைத்து அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு படம் போடுகிறது. பிறகு தோலை அரை மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த படம். இப்படிப் பதினாறு துண்டுகளை ஒட்டினால் ஒரு வரிசை. கண்ணாடி, மோட்டார், உடம்பு என் வேலை. புள்ளியை எந்த இடத்தில் வைப்பது என்ற கணக்கு எங்கள் அண்ணி வேலை. இதைச் சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் போன பிறகு, மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு கிழித்த அளவுக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு துண்டில் ஐம்பது கோடு தெரிய வேண்டும். எண்ணினேன். நாற்பத்து நான்கு. கண் பிசகியிருக்கும் என்று முகம் கழுவிவிட்டு வந்து எண்ணினேன். நாற்பத்து நான்குதான். நடுவில் கோடுகள் ஒழுங்காக நிற்கின்றன. இடது ஓரத்துக்குப் போகப் போக அகன்று அகன்று நிற்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஆறு கோட்டு அகலத் தோல், ஒரு தலைமுடிப் பருமன், படத்தில் இல்லவே இல்லை. ஆனால் படத்தில் இடைவெளியும் இல்லை. அப்படியானால் கணக்கில்தான் எங்கோ ஓட்டை.

புள்ளியை ஆட்டும் என் கண்ணாடியில் பழுது இருக்க வழியில்லை. அதைச் சோதித்துச் சோதித்து என் கண்ணே பூத்துப்போயிருக்கிறது. உங்கள் நிரலை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துவிடுகிறேன்.

சின்னவள்


மார்ச் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டே தொடங்குகிறேன். எனக்கு அதில் கஞ்சத்தனம் இல்லை.

உன் கடிதத்தை உன் அண்ணனும் படித்தார். "ஏன் ரெண்டு பேரும் இப்படி முட்டிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துணி காயப்போடப் போய்விட்டார். அவருக்கு ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் பெண்டாட்டி. ஓடிப்போவதைத் தவிர வேறென்ன செய்வார்.

நீ எழுதியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஏழு வருடம் உன்னோடு அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது "என் பக்கம் தப்பு இருக்கலாம்" என்று நீ தொடங்கியதுண்டா? முடி உடைந்து தெரிந்தால் அண்ணி. கோடு குறைந்தால் அண்ணி. பழைய கட்டடத்தில் குழாய் உடைந்து தண்ணீர் வந்த அன்றைக்கும் முதலில் என் கேபிளைத்தான் பார்த்தாய்.

நிரலை அனுப்ப முடியாது. அது இப்போது நிறுவனத்தின் சொத்து. நம் வடிவமைப்பை வாங்கிப் பதினோரு இயந்திரம் செய்து பதினோரு மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக நான் இங்கே சம்பளம் வாங்குகிறவள். உன் அண்ணனும் இங்கேதான் வேலை பார்க்கிறார். தங்கச்சி கேட்டாள் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார முடியாது.

அளவுக் கண்ணாடியைச் சாய்வாக வைத்திருப்பாய். அறைச் சூட்டையும் பார். ஓரத்தில் கொஞ்சம் கோணல் எல்லா இயந்திரத்திலும் உண்டு, மருத்துவர்கள் நடுப்பகுதியைத்தான் பார்ப்பார்கள். இதை ஊதிப் பெரிதாக்காதே. விற்பனை மேலாளர் காதுக்குப் போனால் நன்றாக இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

இன்றைக்கு அந்த வார்த்தை எழுதக்கூடக் கை வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்துச் சொத்து எனக்கு வேண்டாம். என் மேஜைக்கு அடியில், நான் கால் வைத்துக்கொள்ளும் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, நம் முதல் இயந்திரத்தை ஓட்டியது, அதைத் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். பத்து நிமிடம் இருமிவிட்டு எழுந்துகொண்டது. உள்ளே உங்கள் நிரல் முழுதும் இருந்தது.

அதில் கண்ணாடியின் இடத்தைக் கணக்கிடும் பகுதியைப் படித்தேன். கண்ணாடியின் வாலில் நான் ஒரு சென்சார் வைத்திருக்கிறேன். கண்ணாடி உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை அது நொடிக்கு லட்சம் தடவை சொல்லும். நீங்கள் அது சொன்ன இடத்தில் புள்ளியை வைக்க வேண்டும். நம் பேச்சு அதுதான். கீழே ஒரே ஒரு வரி. சென்சார் சொல்வதும் நாம் கண்ணாடிக்குப் போட்ட கட்டளையும் ஒத்துப்போகாவிட்டால், சென்சாரை விட்டுவிடு, கட்டளையை எடுத்துக்கொள். அதாவது கண்ணாடி போகாத இடத்துக்குப் போனதாக எழுதிவிடு.

அந்த வரிக்குப் பக்கத்தில் உங்களுக்காக நீங்களே எழுதிய குறிப்பு. அப்படியே தருகிறேன். "தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்கணும். சின்னவளுக்குத் தெரிய வேண்டாம்."

தேதியும் இருந்தது. பணம் ஒதுக்கும் நிபுணர் குழுவுக்கு நாம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய நாளுக்கு முந்தைய நாள். நான்கு வருடத்தில் எத்தனை திங்கட்கிழமை வருகிறது அண்ணி? நீங்கள் கணக்கில் கெட்டிக்காரி.

அந்த வாரம் மெல்லிய கண்ணாடி என் கையிலேயே உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவசரத்துக்குத் தடிமனான கண்ணாடியை ஒட்டினேன். கனம் கூடிவிட்டதே, மோட்டார் இழுக்குமா என்று உங்களிடம்தான் கேட்டேன். "பிரமாதமா போகுது, ஓரம் வரைக்கும் சுத்தமா இருக்கு" என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் தடிமனான கண்ணாடியையே வரைபடத்தில் நிரந்தரமாக்கினேன். 'உடையாது, துல்லியமும் குறையாது' என்று மேடையேறிப் பேசினேன். கைதட்டினார்கள். நீங்களும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள்.

பதினோரு கண்ணாடிக்கும் சோதனைச் சான்றில் கையெழுத்துப் போட்டவள் நான். நான் சோதித்ததெல்லாம் உங்கள் திரை காட்டிய எண்ணை வைத்து. உங்கள் திரை எனக்கு நான்கு வருடமாகக் காதில் பூ சுற்றியிருக்கிறது. அளவுக் கண்ணாடியில் நடுவை மட்டும் பார்த்துவிட்டு ஓரத்தை எண்ணாமல் விட்டது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன். உங்களைப் போல அதற்கு ஒரு வரி எழுதி வைக்க மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 24

சின்னவளுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது இது.

ஆம், நான்தான் எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

அன்றைக்கு நீ மூன்று நாள் தூங்காதவள். உடைந்த கண்ணாடி கிழித்து உன் வலது கையில் கட்டு. கட்டோடு ஒரு கையால் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாய். நான் ஓட்டிப் பார்த்தேன். படத்தின் இடது ஓரத்தில் பட்டையாகக் கறுப்பு. கண்ணாடி அங்கே எட்டவே இல்லை. சென்சார் உண்மையைச் சொன்னது. மறுநாள் குழு வருகிறது. கறுப்புப் பட்டையைப் பார்த்தால் அறையையே பூட்டிவிடுவார்கள். ஒரு வரி எழுதினேன், கறுப்பு மறைந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாய். பிறகு அந்த இடத்திலேயே தூங்கிவிட்டாய்.

திங்கட்கிழமை சொல்லத்தான் வந்தேன். நீ காலையிலேயே எல்லாரிடமும் தடிமனான கண்ணாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். செவ்வாய்க்கிழமை வரைபடத்தை மாற்றிவிட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது.

நீ கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் எப்படிச் சொல்வது? அதற்கு முந்தின வருடம் லென்ஸ் பிடிப்பான் அரை மில்லிமீட்டர் கோணல் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அரை மில்லிமீட்டர்தான். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை நீ. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. "உப்பை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கண்ணா" என்று என்னிடம் கேட்க வேண்டியதை உன் அண்ணனிடம் கேட்டாய். பிறகு அந்தப் பிடிப்பானை நீயே ரகசியமாகத் திருத்தினாய், கோணல் என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் குறை சொல்வது யாரால் முடியும்? நான் பொய் சொன்னவள். உண்மையைச் சொல்ல விடாமல் வாயை அடைத்தவள் நீ. என் தப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ ஒன்றும் அறியாத பிள்ளை போலப் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே வந்த பிறகாவது எடுத்திருக்கலாம் என்பாய். எடுக்கப் பார்த்தேன். எடுத்தால் பதினோரு திரையிலும் ஒரே நாளில் கறுப்புப் பட்டை வரும். விற்பனை மேலாளரை நாங்கள் 'ஆகட்டும்' என்று கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. அவரிடம் ஓரத்தில் சின்னச் சிக்கல் என்று மட்டும் சொன்னேன். "ஆகட்டும், அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்? எனக்கு வேலை போனால் பரவாயில்லை. உன் அண்ணனுக்கும் சேர்ந்து போகும்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

லென்ஸ் பிடிப்பான் கோணல்தான். ஒத்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் கழித்து வந்திருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் முறைத்தேன் என்பதற்காக ஊரில் உள்ளவர்கள் தோலோடு விளையாடுவீர்களா? என்மேல் கோபமிருந்தால் என் மண்டையில் போட்டிருக்க வேண்டும்.

நீங்கள் வேலையைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். தோல் மருத்துவர் நம் படத்தை எதற்குப் பயன்படுத்துகிறார் தெரியுமா? அழகு பார்க்க இல்லை. கெட்ட மச்சத்தை வெட்டி எடுத்த பிறகு, சுற்றியுள்ள தோலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார். படம் சுத்தம் என்றால் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார். அவர் நடுவைப் பார்ப்பதில்லை அண்ணி. ஓரத்தைத்தான் பார்க்கிறார்.

பதினாறு துண்டு ஒட்டினால் பதினைந்து இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் யாரும் பார்க்காத தோலைப் பார்த்ததாகப் படம் சொல்கிறது. இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் எத்தனை பேரை சுத்தம்னு அனுப்பியிருக்கேன் தெரியுமா? நாப்பத்து மூணு பேர்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இயந்திரத்தை நிறுத்துங்கள் என்றேன். நிர்வாகத்திடம் கேட்டார். அவர்கள் நிறுவனத்தைக் கேட்டார்கள். 'மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை' என்று இரண்டே மணி நேரத்தில் பதில் வந்தது. யார் அனுப்பியது என்று ஊகிக்கிறேன், உங்கள் 'ஆகட்டும்'தான். மருத்துவர் என்னிடம், "உங்க வாய் வார்த்தைய வெச்சு நாப்பத்து மூணு பேரை நான் திரும்பக் கூப்பிட முடியாதும்மா. எழுதினவங்க எழுதிக் குடுக்கணும்" என்றார். என்னிடம் இருப்பது நான்கு வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர். இப்போது ஓடும் நிரலிலும் அந்த வரி இருக்கிறது என்று சொல்ல உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நான் சும்மா வரவில்லை. என்னிடம் எப்போதும் பையில் திருப்புளி உண்டு. நான்கு திருகாணிதான். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து வந்துவிட்டேன். அந்த ஒரு இயந்திரம் இனி ஓடாது. மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என்மேல் புகார். நம் ஆய்வக இயக்குநர் விசாரணை முடியும்வரை என்னை உள்ளே வர வேண்டாம் என்றுவிட்டார். சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

மீதிப் பத்து இயந்திரமும் இன்றைக்கும் சுத்தம், சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. பத்து ஊருக்கும் போய்த் திருகாணி கழற்ற என்னால் முடியாது. நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

நேற்று என்னை மாடியறைக்குக் கூப்பிட்டார்கள். 'ஆகட்டும்' மேலாளர், வழக்கறிஞர், இன்னும் இரண்டு பேர். தண்ணீர் பாட்டில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று. என் முன்னால் ஒரு தாள்.

தாளில் எழுதியிருந்ததைச் சொல்கிறேன். 'கண்ணாடியின் கனத்தை வடிவமைப்பாளர் தவறாகக் கணித்துள்ளார். சோதனைச் சான்றிலும் அவரே கையெழுத்திட்டுள்ளார். மென்பொருள் சரியாகவே இயங்குகிறது.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். நான் போட்டால் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றுக் கண்ணாடியை மாற்றித் தருவார்களாம். நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் இல்லை, எங்கள் இருவர் வேலையும் பத்திரம். உனக்கு மட்டும் இனி எந்த ஆய்வகத்திலும் இடம் கிடைக்காது.

வழக்கறிஞர் நல்ல மாதிரியாகப் பேசினார். "கண்ணாடி கனம்ங்கறது உண்மைதானே மேடம்? பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலையே." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உண்மையிலிருந்து தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து நீட்டுகிறான், வெட்டின இடம்கூடத் தெரியவில்லை. நான் அந்த வேலையை நான்கு வருடம் செய்தவள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உன் அண்ணனிடம் இரவு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக அவர் துணி காயப்போடப் போகவில்லை. "எனக்கு ஏன் நாலு வருஷமா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். உனக்குச் சொல்லாததைவிட அவருக்குச் சொல்லாததுதான் இன்றைக்கு என்னைக் கொல்கிறது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று உன்னைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பத்து இயந்திரமும் நாளையே நிற்கும் என்றால் போட்டுவிடுங்கள். கண்ணாடி கனம்தான், சான்று என் கையெழுத்துத்தான். எனக்கு ஆய்வகம் இல்லாவிட்டால் மிக்ஸி ரிப்பேர் செய்து பிழைத்துக்கொள்வேன். என் கோபத்துக்கு அதில் வேலை நன்றாகவே வரும்.

ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யப்போவது கண்ணாடியை மாற்றுவது மட்டும்தான். இந்த இயந்திரங்களுக்குப் போட்ட பணம் வீணில்லை என்று காட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். ஏற்கெனவே சுத்தம் என்று அனுப்பப்பட்டவர்களை யார் கூப்பிடுவார்கள்? 'மென்பொருள் சரியாக இயங்குகிறது' என்று நீங்கள் எழுதிவிட்டால் பழைய படமெல்லாம் சரியான படம் ஆகிவிடும். அவர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்காகச் செய்துதான் இந்த நிலைமை.

சின்னவள்


ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

பதினோரு மருத்துவமனைக்கும் நேற்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல் இது. தனியாக உனக்கென்று எழுத என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

'லேசர் மைக்ராஸ்கோப்பின் மென்பொருளை எழுதியவள் நான். கண்ணாடி இடது ஓரம் வரை எட்டவில்லை. எட்டவில்லை என்று சென்சார் சொல்வதை மறைக்க ஒரு வரியை நான் தெரிந்தே சேர்த்தேன். வன்பொருளைச் செய்தவருக்கு இதைச் சொல்லவில்லை. நிறுவனம் கொடுத்த பதினோரு இயந்திரத்திலும் அந்த வரி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் இடது ஓரத்திலும் ஒரு தலைமுடி அகலத் தோல் பார்க்கப்படவில்லை. இந்தப் படங்களை வைத்து யாரையெல்லாம் சுத்தம் என்று அனுப்பினீர்களோ அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். இயந்திரத்தை இன்றே நிறுத்துங்கள். கேட்பவர்களுக்கு நான் நேரில் வந்து விளக்குவேன்.'

இன்று காலை என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. காவலாளி என்னைத் தெரியாதவர் போல நின்றார். உன் அண்ணனுக்குக் கதவு திறந்ததாம். அவர் உள்ளே போய்த் தன் மேஜையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு வெளியே வந்தார்.

அண்ணி


மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த வார்த்தையை இன்று போட்டிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. உங்கள் கடிதத்தின் நகலைப் படித்த அன்று அழுதேன், மறுநாள் மறுபடி கோபம் வந்துவிட்டது. இன்னும் இருக்கிறது.

பதினோரு இயந்திரமும் நின்றுவிட்டன. என்மேல் இருந்த புகாரை மருத்துவரே போய்த் திரும்பப் பெற வைத்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இயக்குநர், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தார். யார் நல்லதுக்கு என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

மருத்துவர் நாற்பத்து மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டார். நாற்பத்து ஒருவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு அம்மாவுக்குச் சந்தேகத்தின் பேரில் மறுபடி எடுத்தார்கள், நல்ல தோல்தான். ஒருவருக்கு இருந்தது. பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயது, இடது தோள். சரியாக இரண்டு துண்டு சேரும் இடுக்கில் நூல் போல இறங்கியிருந்ததாம். இப்போது ஆழமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் மருத்துவர். பிழைத்துக்கொள்வார். ஆனால் கை முழுதாக உயராது. இனிப் பேருந்து ஓட்ட முடியாது.

அவர் நேற்று நம் அறைக்கு வந்தார். யார் வழி சொன்னார்களோ தெரியவில்லை. கையைத் தூக்கிக் கழுத்தோடு கட்டியிருந்தார். இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார், காட்டினேன். கண்ணாடியைக் கேட்டார். கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நகத்தளவுதானே இருக்கிறது என்று ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"இத செஞ்சது யாரு?" என்றார். நான் என்றேன்.

"அந்த வரிய எழுதினது?"

எங்கள் அண்ணி என்றேன். அண்ணன் மனைவி.

"ஒரே வீடா?"

ஒரே வீடுதான், அப்போது, என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ஒரே மேஜைல சாப்பிட்டுக்கிட்டு, ஒரு வார்த்த பேசிக்க முடியலையா உங்களால?" என்றார். படியேறிப் போய்விட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை அண்ணி. உங்களுக்கு வந்தால் இங்கே வந்து அவரிடம் நீங்களே சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.

சின்னவள்